ஓட்டிலியின் வாயிலிருந்து ஒரு 'நீ'

எங்கள் ஹோல்ஸ்வாங் கோட்டையை ஏரிக்கரையிலிருந்து அப்படியே தூக்கி ஆல்ப்ஸ் மலையின் உச்சியில் வைத்தவள் நான். கையில் காப்பிக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வைத்தேன். உள்ளே ஒரு பேராயர் இருந்தார், நீதிபதிகள் இருந்தார்கள், பேராசிரியர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். ஏரியின் அன்னங்களும் கூடவே மேலே வந்தன.

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் நம்பிவிடுவார்கள். திருச்சபை கருத்தரங்கு நடத்துகிற இடத்தில் எதுவும் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்ததைச் சொல்லும்போதுதான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். அந்த உச்சியில் வைத்து, எங்கள் சமையல்கட்டின் ஓட்டிலி வானிங்கரை என்னைப் பார்த்து 'நீ' என்று சொல்லவைத்தேன். இதை யாருமே நம்பியதில்லை. ஓட்டிலி வானிங்கரே நம்பவில்லை.

எங்கள் பக்கத்தில் 'நீ' என்பது சும்மா வாயில் வருகிற சொல் இல்லை. கூட வேலை பார்க்கிறவர், அடுத்த வீட்டுக்காரர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோருக்கும் 'நீங்கள்'தான். அதுவும் குடும்பப் பெயரோடு, பெண்ணென்றால் முன்னால் 'ஃப்ராவ்', ஆணென்றால் 'ஹெர்' சேர்த்து. ஒருவரை 'நீ' என்று அழைக்க வேண்டுமானால் மூத்தவர் கோப்பையைத் தூக்கி, "இனிமே நமக்குள்ள நீதான், என்ன?" என்று கேட்க வேண்டும். இளையவர் கேட்கக் கூடாது; காத்திருக்க வேண்டும். சிலர் கல்யாணப் பேச்சுக்குக்கூட இவ்வளவு யோசிப்பதில்லை.

நான் கிரெசென்ஸ் மோஸர். வீட்டில் சென்ஸி. கோட்டையின் அறைகள், படுக்கைகள், சாப்பாட்டுக்கூடம், சாவிக்கொத்து எல்லாம் என் பொறுப்பு. ஃப்ராவ் வானிங்கர் சமையல்கட்டு. எங்களுக்கு நடுவில் ஒரு பரிமாறும் ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக இருபது வருடத்துக்கு மேல் சூப்பும், வேகவைத்த மாவு உருண்டையும், மீனும், 'நீங்க'வும் வந்துகொண்டிருந்தன.

"ஃப்ராவ் மோஸர், சூப்ப எடுத்துக்கோங்க."

"எடுத்துட்டேன், ஃப்ராவ் வானிங்கர்."

அந்தப் புராட்டஸ்டண்டு மாளிகையில் கத்தோலிக்கர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். போதகர்கள் நீளமாக ஜெபம் சொல்லும்போது ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிற கூட்டம் ஞாயிறு மதியம்வரை பேசும். மனசாட்சியும் வரிவிதிப்பும் என்று ஒரு வாரம், கடவுளும் ரயில்வேயும் என்று ஒரு வாரம். மௌனத்தைப் பற்றிக் கருத்தரங்கு நடந்த வாரம் போட்ட இரைச்சலில் ஏரியின் மறுகரையில் பசுக்கள் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டன. அவர்கள் கிளம்பிய பிறகு, மிச்சமிருக்கும் பிளம்ஸ் கேக்கின் ஓரத்தை, அந்தக் கருகின மொறுமொறுப்பான ஓரத்தை, ஃப்ராவ் வானிங்கர் ஒரு தட்டில் வைத்து ஜன்னலில் தள்ளுவார். ஒன்றும் சொல்லமாட்டார். அது எனக்கு.

அவர் ஜனவரியில் பிறந்தவர், நான் அதே வருடம் அக்டோபரில். ஆகவே கேட்க வேண்டியவர் அவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் கோப்பையைத் தூக்கும்போது என் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடும். இதோ கேட்கப்போகிறார், இதோ.

"உங்க உடம்பு நல்லா இருக்கணும், ஃப்ராவ் மோஸர்."

நெஞ்சு மறுபடி கீழே இறங்கிவிடும். சரி, அவர் சுபாவம் அப்படி, யாரிடமும் ஒட்டாத மனுஷி என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். அவர் யாருக்கும் 'நீ' கொடுக்காதவரை அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

பிறகு வீப்கே வந்தாள்.

வீப்கே யான்சன் ஹாம்பர்க்கிலிருந்து வந்தவள். கோட்டையின் விருந்தினர் பதிவு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தாள். வடக்கத்தியாள், நல்ல உயரம். நான் பார்த்து அளந்த வகையில் கோட்டை வாசலில் குனிந்துதான் நுழைவாள், கோபுரமே அவளைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். முதல் நாளே என்னிடம் வந்து கையை நீட்டி, "நான் வீப்கே. நீ சென்ஸியாமே?" என்றாள்.

"ஃப்ராவ் யான்சன்," என்றேன். "உங்க அறைச் சாவி இதோ. காலைச் சாப்பாட்டுக்கு நேரத்தோட வந்துடுங்க."

அந்தக் கோடைக்காலத்தில் அறைக்குள் பனி பெய்தது. நான் பார்த்தேன்.

அவள் வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. கையில் தட்டு அடுக்கோடு பரிமாறும் ஜன்னலை நெருங்கினேன். உள்ளே சிரிப்புச் சத்தம்.

"ஓட்டிலி, இதுல நீ என்ன போட்ட? சொல்லேன்."

"நீயே கண்டுபிடி."

அது ஃப்ராவ் வானிங்கரின் குரல். கண்டுபிடி. நீயே. என் கையில் இருந்த தட்டுகள் அத்தனையும் தாமாகவே விரிசல் விட்டன. அடுப்பில்லாமலே என் காது கொதித்தது. அந்த வாரம் சாப்பாட்டுக்கூடத்தில் வெந்நீர்க் குழாய்களை மூடிவிட்டோம். நான் அங்கே இருந்ததே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு என் வேலையே கேட்பதுதான். ஜன்னலுக்கு வெளியே நாப்கினை மடித்துக்கொண்டு நிற்பேன். மடித்த நாப்கினைப் பிரித்து மறுபடி மடிப்பேன். உள்ளே 'நீ'கள் பறந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் எனக்கு வரவேண்டியது, தபால்காரன் வீடு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. வீப்கேவைக் கோபுரத்து மணிக்கு நேர் கீழே இருக்கிற அறைக்கு மாற்றினேன். காலையில் மணி அடித்தால் அங்கே கட்டில் நடக்கும், அலமாரி கதவைத் திறந்துகொண்டு ஓடும். மறுநாள் அவள் முகமெல்லாம் மலர்ந்து வந்தாள்.

"என்ன அருமையான அறை! ஏரி முழுசும் தெரியுது. ரொம்ப நன்றி!"

இப்படிப்பட்டவளை என்ன செய்வது?

ஆகஸ்டு கடைசியில் பிளம்ஸ் கேக் வந்தது. கூட்டம் கிளம்பியது. நான் ஜன்னலில் நின்றேன். தட்டு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வீப்கே சமையல் மேசையின்மேல் ஏறி உட்கார்ந்து, நீண்ட காலை ஆட்டிக்கொண்டு, என் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

"நான் போன பிறகு நீ தோட்டத்துக்கு வா," என்று ஃப்ராவ் வானிங்கர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சிவப்புத் திராட்சை காய்ச்சா கூடையோட வா."

முழங்கால் வலி காரணமாக ஃப்ராவ் வானிங்கர் அந்த இலையுதிர்காலத்தோடு வேலையை விட்டு, அக்காவின் வீட்டுக்குப் போவதாக இருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் எனக்குச் சொன்னது வேறுவிதம்: "அக்டோபரோட நான் போறேன், ஃப்ராவ் மோஸர். தகவலுக்கு." கூடையைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் 'நீங்க'வோடு போய்விட்டால் நான் யார்? பழைய வேலை இடத்தில் இருந்த ஒருத்தி. தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போக வேண்டியவள். எனக்கு நேரம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் சிலுவை வந்தது.

ராபென்கோஃபெல் மலை உச்சியில் நின்ற பழைய மரச்சிலுவையை இடி தாக்கி ஒரு கை பிளந்துவிட்டது. தச்சர் லியோன்ஹார்ட் அதைப் பழுதுபார்க்கக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார். அவருடைய பட்டறைக்குப் போகிற வழியில், ஞாயிறு ஆராதனைக்காக எங்கள் புல்வெளியில் அதை நிறுத்திவைக்கச் சொல்லி எங்கள் இயக்குநர், போதகர் ரூமலின், கேட்டிருந்தார். அந்த வாரக் கருத்தரங்கின் தலைப்பு 'எல்லை: எது எங்கே தொடங்குகிறது'. அதற்கும் சிலுவைக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் இடத்தில் எதற்கும் எதோடும் தொடர்பு உண்டு.

ஆராதனை முடிந்தது. எல்லோரும் புல்வெளியில் காப்பிக்கு நின்றார்கள். நான் கூஜாவோடு சுற்றி வந்தேன். சிலுவையின் நிழலில் சட்டப் பேராசிரியர் ஊலிட்ஸ் நின்றுகொண்டிருந்தார். சிலுவையை அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கணம் என் மூளையில் அடித்த மின்னலுக்கு முன்னால், அதைப் பிளந்த இடி வெறும் பட்டாசு.

எங்கள் மலைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேலே 'நீங்கள்' கிடையாது. அமைச்சரானாலும் ஆடு மேய்ப்பவரானாலும் அங்கே 'நீ'தான். கேட்க வேண்டியதில்லை, கோப்பை வேண்டியதில்லை. கீழே இறங்கினால் மறுபடி 'நீங்கள்'.

"ப்ரொஃபெஸர்," என்றேன். "உனக்குச் சர்க்கரை போடவா?"

பேராசிரியர் ஊலிட்ஸின் கண்ணாடி மூக்கிலிருந்து ஏரிவரை பறந்தது.

"என்ன சொன்னீங்க?"

"உனக்கான்னு கேட்டேன். நீ இப்ப உச்சியில நிக்கிற." சிலுவையைக் காட்டினேன். "இது பொறந்ததுலேருந்து உச்சியத் தவிர வேற எங்கயும் நின்னதில்ல. இது நிக்குற இடம் உச்சி. எப்ப பதவி விலகுச்சு, சொல்லு பாப்போம்?"

வேறு எங்காவது இருந்தால் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அங்கே நின்றவர்கள் மூன்று நாளாக எல்லையைப் பற்றிப் பேசி, பேச ஒன்றும் மிச்சமில்லாமல் காய்ந்துபோயிருந்தவர்கள். ஊலிட்ஸ் நாற்காலிமேல் ஏறினார்.

"நண்பர்களே! ஒரு ஆட்சி எல்லைப் பிரச்சினை வந்திருக்கு!"

அவ்வளவுதான். காப்பி ஆறியது, யாரும் கவலைப்படவில்லை. உச்சி என்பது இடமா, நிலையா? ஒரு நீதிபதியம்மாள் எழுந்து, தூதரகம் எந்த ஊரில் இருந்தாலும் அது அனுப்பின நாட்டின் மண்தான், இந்தச் சிலுவை ராபென்கோஃபெலின் தூதரகம் என்றார். கைதட்டல். எபிரேய மொழி படித்த ஒருவர், மோசே கடவுளைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்கியபோது முகம் ஒளிர்ந்ததே, அந்த முகத்தில் மலை ஒட்டிக்கொண்டிருந்ததா இல்லையா என்று கேட்டார். பெரிய கைதட்டல்.

போதகர் ரூமலினுக்கு மலையேற்றம்தான் உயிர். கையில் கடிகாரம் கட்டுவதற்குப் பதிலாக உயரமானி கட்டியிருப்பார். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஐந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர்! ஐயா, அம்மா, ஐந்நூற்றுத் தொண்ணூறு! இதுக்கு மேல என்ன பேச்சு?"

"சிலுவைக்கு உயரமானி பாக்கத் தெரியுமா, ரூமலின்?" என்றார் பேராயர். அவர் வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சிரிக்காதவர்.

கை தூக்கி வாக்கெடுத்தார்கள். பெரும்பான்மை மலைக்கு. ஒரு அன்னமும் இறக்கையைத் தூக்கியது. அதை நடுநிலை என்று கணக்கில் வைத்தார்கள். சிலுவை இங்கே நிற்கும்வரை ஹோல்ஸ்வாங் கோட்டையின் புல்வெளி உச்சிதான் என்று தீர்மானம் ஆயிற்று. என் காலடியில் தரை குலுங்கி மேலே கிளம்பியது. காற்று மெலிந்தது. தூரத்தில் கழுகு ஒன்று கத்தியது. சத்தியமாக.

அப்புறம் நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்! பயிற்சிப் போதகன் ஒருவன் பேராயரின் தோளைத் தட்டி, "நீ எப்பவும் இவ்வளவு ஜாலியா இருக்கலாமே," என்றான். நாற்பது வருடம் எதிரெதிர்க் கட்சியாக எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேராசிரியர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ ஒரு முட்டாள்!", "நீதான்டா முட்டாள்!" என்று ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். போதகர் ரூமலின் மட்டும் புல்லில் கால் வைக்க மறுத்து, ஓரத்துச் சரளைப் பாதையில் நின்றார்.

"நான் பள்ளத்தாக்குலதான் இருக்கேன்," என்று எல்லோருக்கும் சொன்னார். "நீங்களும்தான்."

வீப்கே ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். "சென்ஸி! நீ கெட்டிக்காரி!"

நான் 'நீ'யை வாங்கிக்கொண்டேன். சட்டம் சட்டம்தானே. ஆனால் நெஞ்சு கசந்தது. ஒருத்திக்காக ஒரு மலையையே தூக்கி நிறுத்தியிருக்கிறேன். உலகமே ஏறி வந்துவிட்டது, அந்த ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள்.

ஜன்னலுக்கு ஓடினேன்.

"ஃப்ராவ் வானிங்கர், கொஞ்சம் புல்வெளிக்கு வாங்களேன். பேராயர் கூப்பிடுறார்."

"பேராயருக்குக் கால் இருக்குல்ல? அவரையே வரச் சொல்லுங்க."

"அங்க எல்லாரும் நீ, நான்னு பேசிக்கிட்டிருக்காங்க. ஒரே வேடிக்கை."

"உருண்டை தண்ணில கெடக்கு, ஃப்ராவ் மோஸர். வேடிக்கை பாத்தா கரைஞ்சுபோகும்."

என் தலைக்கு மேலாக வீப்கே ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஓட்டிலி! வாயேன்!"

"நீ போ கண்ணு, நான் அப்புறம் வரேன்."

கண்ணு. இருபது வருடத்துக்கு மேலாகச் சூப்பு சுமந்தவளுக்கு உருண்டை கரையும். நேற்று வந்தவளுக்குக் கண்ணு. அதே நேரத்தில் சாலையில் லியோன்ஹார்டின் டிராக்டர் சத்தம் கேட்டது. சிலுவையைக் கொண்டுபோக வருகிறார். மலை இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

இனிமேல் யோசிக்க நேரமில்லை. ஜன்னலில் சாய்ந்து, மிக மெதுவாகச் சொன்னேன்:

"சொல்லவே வாய் வரல, ஃப்ராவ் வானிங்கர். ஒரு ப்ரொஃபெஸர் கேட்டார். நேத்து சூப்பு… பாக்கெட்டுப் பொடியான்னு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. தண்ணீர் கொதிப்பது நின்றது. ஏரியில் அலை நின்றது.

பிறகு சமையல்கட்டுக் கதவு திறந்தது. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், இதைத் தள்ளாதீர்கள்: முழங்கால் வலிக்காரி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த அந்த அம்மாள், ஈரக் கரண்டியோடு, திண்ணைப் படிக்கட்டைத் தாண்டிக் குதித்துப் புல்வெளியில் இறங்கினார். பேராயர் ஓடிப்போய் ஊலிட்ஸின் பின்னால் ஒளிந்தார். ஊலிட்ஸ் சிலுவையின் பின்னால் ஒளிந்தார்.

"எவன்? என் சூப்பப் பாக்கெட்டுன்னது எவன்?"

"நான் சூப்பே சாப்பிடல," என்றார் ஒரு நீதிபதி.

"நான் மூணு தட்டு சாப்பிட்டேன்!" என்றார் பேராயர், சிலுவைக்குப் பின்னால் இருந்து.

ஃப்ராவ் வானிங்கர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றிலும் குற்றம் இல்லை. கடைசியில் என் முகத்துக்கு வந்தார். என் முகம் ஒருபோதும் பொய்யை மூடிவைத்ததில்லை. அதில் எல்லாம் தெரிந்துவிடும், மீனின் வயிற்றைக் கீறினது மாதிரி.

"நீயா?" என்றார்.

நான் அவர் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தேன்.

"நீதானாடி இதக் கெளப்புனது? அடி மாடே! எத்தன வருஷமா என் சூப்ப வழிச்சு வழிச்சுத் தின்னிருக்க, நீ!"

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மலை உச்சியில் அவ்வளவு இனிமையான திட்டை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. என் கண்ணில் நீர் முட்டியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, கரண்டி பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பி நடந்தார். மறுநிமிடம் லியோன்ஹார்டும் அவருடைய ஆட்களும் சிலுவையைச் சாய்த்து வண்டியில் ஏற்றினார்கள். கோட்டை ஒரு பெருமூச்சோடு கீழே இறங்கியது. பேராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பயிற்சிப் போதகனிடம், "உங்க பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

நான் சமையல்கட்டுக்குள் போனேன். ஜன்னல் வழியாக அல்ல, கதவு வழியாக.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உருண்டைகளை வடித்துக்கொண்டிருந்தார்.

"தட்டுகளை எடுத்துக்கோங்க, ஃப்ராவ் மோஸர்."

"என்னது?"

"தட்டு."

"இப்பதான் என்ன நீன்னு சொன்னீங்க!"

"நானா? நான் ஏன் சொல்லப்போறேன்?"

"அறுபது பேர் கேட்டாங்க!"

"அறுபது பேருக்கும் காதுல கோளாறு."

அப்புறம் எனக்கு வந்தது கோபம் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து ஜன்னலோரம் மடித்து மடித்து வைத்திருந்த அத்தனை நாப்கின்களும் ஒரே நேரத்தில் பிரிந்தன.

"அந்த ஹாம்பர்க்காரிக்கு மட்டும் நீ! ரெண்டு வாரத்துல! அவளுக்கு ஓரம், அவளுக்குக் கூடை, அவளுக்குக் கண்ணு! நான் எத்தன கிறிஸ்துமஸ் வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா? எனக்கு என்ன கொறச்சல்? ஜனவரில பொறந்தது நீங்க. நீங்கதான கேக்கணும்?"

அவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அடுப்பினால் அல்ல.

"நானா? நான் கேக்கணுமா?" கரண்டி என் இடுப்பைக் காட்டியது. "சாவிக்கொத்து யாருகிட்ட இருக்கு? வீட்டுக்கு மேலதிகாரி யாரு? சமையல்கட்டுச் சாவிகூட உங்ககிட்டதான இருக்கு? வேலைல மேல இருக்கிறவங்கதான் கேக்கணும்! கீழ இருக்கிறவ போய், வாங்க நாம நீன்னு கூப்டுக்கலாம்னு கேப்பாளா? நான் என்ன மானங்கெட்டவளா? ஒவ்வொரு கிறிஸ்துமஸும் இன்னிக்காவது இந்த அம்மா வாயத் தொறப்பாளான்னு நான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க கோப்பையத் தூக்கிக்கிட்டுப் பேந்தப் பேந்த முழிப்பீங்க. பெரிய இடத்து நெனப்புன்னு விட்டுட்டேன்."

"நான்… வயசப் பாத்தேன்."

"நான் பதவியப் பாத்தேன்."

உருண்டைகள் வடிகட்டியில் கரையத் தொடங்கின. யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப வீப்கே?" என்றேன்.

"அவ கேக்கவேயில்ல! உள்ள வந்தா, நீன்னா, மேசைமேல ஏறி உக்காந்தா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம நானும் நீன்னுட்டேன். வடக்க அப்படித்தானாம். அதுக்கப்புறம் எப்படித் திரும்பப் போறது?"

"என் ஓரத்த ஏன் குடுத்தீங்க?"

அவர் ஏப்ரனின் ஓரத்தைப் பிடித்துத் திருகினார்.

"நீங்க அவள அந்த மணிக்குக் கீழ போட்டீங்களே, பாவம்," என்றார். "உங்களுக்கு ஒறைக்கட்டும்னுதான்."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் பொறாமை இவ்வளவு நாள் ஒரே ஆளாகத்தான் இருந்தது என்று நினைத்திருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் ஒன்று நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சரி," என்றேன். "பழசு போகட்டும். புல்வெளில சொன்னது சொன்னதுதான?"

அவர் நிமிர்ந்தார். விட்டுக்கொடுக்கிற ஆளா?

"நான் சொல்லல. அப்படியே சொல்லியிருந்தாலும் அது மலைமேல சொன்னது. மலைமேல சொன்ன நீ மலையோட போச்சு. நீங்கதான வாக்கெல்லாம் எடுத்து உச்சியாக்குனீங்க? எறங்கினா மறுபடி 'நீங்க'தான். எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம்."

சட்டப் பேராசிரியர்கள் அத்தனை பேரையும் வெளியே வைத்துவிட்டு, உண்மையான வழக்கறிஞர் உள்ளே உருண்டை வடித்துக்கொண்டிருந்தார். நான் தூக்கிய மலையே என் தலையில் விழுந்தது.

அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு போதகர் ரூமலின் வந்தார். சட்டையின் கையை மடித்து, உயரமானியை முன்னால் நீட்டிக்கொண்டே வந்தார்.

"ஃப்ராவ் மோஸர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடணும். அந்தத் தீர்மானம் செல்லாது. ஒரு நிமிஷம்கூட செல்லாது. பாருங்க, ஐந்நூற்றுத் தொண்ணூறு. இப்பவும் அதுதான், அப்பவும் அதுதான். புல்வெளி உச்சியும் இல்ல, தூதரகமும் இல்ல."

நான் மெதுவாக எழுந்தேன்.

"ஹெர் போதகர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புல்வெளி பள்ளத்தாக்குதானா?"

"பள்ளத்தாக்கு. சந்தேகமே இல்ல."

"சிலுவை நின்னப்பவும்?"

"நின்னப்பவும்! எத்தன தடவ சொல்றது?"

"அப்ப அங்க ஒருத்தங்க ஒருத்தர நீன்னு சொல்லியிருந்தா, அது எந்த நீ?"

போதகர் மூக்கைச் சுருக்கி யோசித்தார். சரியாகச் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு வெறி.

"மலைச் சலுகை இல்லாததால… சாதாரண நீதான். பள்ளத்தாக்கு நீ. பள்ளத்தாக்குல சொன்னா சொன்னதுதான், அத இறக்கி வைக்க இடமில்ல. ஆயுசுக்கும்." பிறகு சுற்றிப் பார்த்தார். "ஏன் கேக்கறீங்க? யாரு சொன்னா?"

அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

ஓட்டிலி வடிகட்டியைப் பார்த்தாள். அதில் உருண்டை ஒன்றுகூட முழுதாக இல்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள், முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை. போதகரைப் பார்த்து ஒரு முறைப்பு, உயரமானியைப் பார்த்து இன்னொன்று.

"சொன்னேன்," என்றாள். "மூணு தடவ சொன்னேன். நீ எண்ணிக்கிட்டுத்தான் நின்னிருப்ப."